பழைய ஜீப், லேண்ட் ரோவர் கியர்பாக்ஸைப் புதுப்பிக்க நல்ல பாகங்கள் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்லிஸ் ஜீப், சீரிஸ் லேண்ட் ரோவர், டொயோட்டா எஃப்ஜே40 போன்ற பழைய நான்கு சக்கர ஓட்ட வண்டிகளை வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் மெக்கானிக் அல்ல. சொந்த வண்டியின் கியர்பாக்ஸை மூன்று முறை இறக்கி ஏற்றியவன். அதில் இரண்டு முறை இறக்கியது தப்பான பாகம் வாங்கியதால்.

கியர்பாக்ஸ் சத்தம் போடுகிறது. எந்த ரீபில்ட் கிட் வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பெட்டியைத் திறந்து, கழுவி, அளந்த பிறகுதான் பட்டியல் எழுத வேண்டும். நான் செய்த முதல் தப்பே இதுதான். வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லி ஒரு விற்பனையாளரிடம் முழு கிட் வாங்கிவிட்டேன். பெட்டியைத் திறந்தால், முன்பு யாரோ வேறு ஆண்டு வண்டியின் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். கிட்டில் இருந்த ஷாஃப்ட் என் கிளஸ்டர் கியருக்குள் (பல கியர்கள் ஒரே துண்டாகச் சேர்ந்த பாகம்) நுழையவே இல்லை. பிரித்த உறையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அறுபது எழுபது வருடம் ஓடிய வண்டியில் ஆர்சி புத்தகம் சொல்வதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருந்தால் அது அதிர்ஷ்டம்.

இறக்குவதற்கு முன் சத்தத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வண்டி நிற்கும்போது, நியூட்ரலில், கிளட்ச் மிதிக்காதபோது உறுமல் கேட்டு, மிதித்ததும் நின்றால், இன்புட் ஷாஃப்ட் (எஞ்சின் விசை உள்ளே வரும் தண்டு) பேரிங் அல்லது கிளஸ்டர் கியரின் ஊசி ரோலர்கள் மீது சந்தேகப்படலாம். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங், அல்லது ஃப்ளைவீலின் நடுவில் இருக்கும் பைலட் புஷ். டாப் கியர் நேரடி ஓட்டம்: விசை இன்புட்டிலிருந்து நேராக, அது வெளியேறும் தண்டான மெயின் ஷாஃப்டுக்குப் போகிறது. அதனால் கீழ் கியர்களில் கேட்கும் சத்தம் டாப்பில் மறைந்தால் கிளஸ்டர் பக்கம்தான் பழுது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய ஜீப்களில் வரும் டானா 18 ட்ரான்ஸ்ஃபர் கேஸில் (கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்து விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி), சாதாரண ஓட்டத்துக்கான ஹை ரேஞ்சில் ஓட்டினாலும் விசை நடுவில் இருக்கும் இடைக் கியர் வழியாகத்தான் போகும். எல்லா கியரிலும் ஓடும்போது மட்டும் ஒரே மாதிரி ஊளையிட்டால் கியர்பாக்ஸைப் பழிக்காதீர்கள், பின்னால் இருப்பதைப் பாருங்கள். பிறகு வந்த டானா 20-இல் ஹை ரேஞ்ச் நேரடி ஓட்டம். அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

என்னிடம் இருப்பது எந்தப் பெட்டி என்று எப்படி உறுதி செய்வது?

வார்ப்பில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். வார்ப்பு எண் என்பது இரும்புக் கூட்டின் எண், உள்ளே இருக்கும் பாகத்தின் எண் அல்ல. ஒரே கூட்டில் வெவ்வேறு பல் எண்ணிக்கையுள்ள கியர்கள் வந்திருக்கின்றன.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ இரண்டிலும் டி-84 என்ற மூன்று கியர் பெட்டி. 1945-இல் வந்த சிஜே-2ஏ முதல் டி-90. இது 1971 வரை பல ஜீப்களில் தொடர்ந்தது. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும், உள் பாகங்கள் ஒன்றுக்கொன்று சேராது. டி-90-க்குள்ளேயே தொடக்க காலத்தில் ஸ்டீயரிங் தண்டில் கியர் போடும் வகை உண்டு. அதன் கூடு வேறு. வழக்கமான டி-90-இன் முதல் கியர் விகிதம் 2.798, இரண்டாவது 1.551. முதல் கியர் இன்னும் வலுவாக இருக்கும்படி விகிதம் மாற்றிய டி-90 வகையும் உண்டு. ஆகவே விகிதம் கணக்கிடப் பல்லை எண்ணுங்கள். இன்புட் கியர், கிளஸ்டரின் ஒவ்வொரு வரிசை, மெயின் ஷாஃப்ட் கியர்கள் எல்லாவற்றையும் சாக்பீஸால் ஒரு பல்லில் குறியிட்டு எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. விற்பவரிடம் நீங்கள் கேட்கப்போகும் எல்லாக் கேள்விக்கும் ஆதாரம் அந்தத் தாள்தான்.

லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளில் பெட்டி எண்ணின் கடைசியில் வரும் ஓர் எழுத்து முக்கியம். வடிவமைப்பில் மாற்றம் வந்தபோதெல்லாம் அந்த எழுத்தை ஏ, பி, சி என்று மாற்றிக்கொண்டே போனார்கள். பாகப் புத்தகத்தில் "இந்த எழுத்து வரை, இந்த எழுத்திலிருந்து" என்று இரண்டு எண்கள் இருக்கும். எழுத்தைச் சொல்லாமல் பாகம் கேட்பது, செருப்பு அளவு சொல்லாமல் செருப்பு வாங்குவது போல.

எஃப்ஜே40-இல் மூன்று கியர் பெட்டியும் உண்டு, நான்கு கியரும் உண்டு. நான்கு கியரில் எச்41, எச்42 என்று இரண்டு பிரபலம். எச்41-இன் முதல் கியர் கிட்டத்தட்ட 4.9, எச்42-இன் முதல் கியர் கிட்டத்தட்ட 3.55. வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது கடினம். இங்கேயும் பல் எண்ணுவதுதான் வழி.

பார்ட் நம்பர் எங்கே கிடைக்கும்?

அந்தக் கால பாகப் பட்டியலில். போர்க்கால ஜீப்புக்கு அமெரிக்க ராணுவம் வெளியிட்ட பாகப் பட்டியல் ஜி-503 என்ற எண்ணில் இருக்கிறது. பராமரிப்புக் கையேடு டிஎம் 9-803. கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றை உள்ளே பிரித்துச் சேர்க்க டிஎம் 9-1803பி. பிரித்து வரைந்த படங்கள் அற்புதமாக இருக்கும். படிக்கவே சுகம்.

ஒரே பாகத்துக்கு வில்லிஸ் எண் ஒன்று, ஃபோர்டு எண் ஒன்று, ராணுவ எண் ஒன்று என்று மூன்று இருக்கலாம். மூன்றையும் குறித்து வையுங்கள். ஒரு எண்ணில் "இல்லை" என்று வந்தது இன்னொரு எண்ணில் கிடைத்த அனுபவம் பலருக்கும் உண்டு. ஃபோர்டு செய்த பாகங்களில், போல்ட் தலையில்கூட, எஃப் எழுத்து முத்திரை இருக்கும். வண்டியை அசல் நிலைக்குக் கொண்டுவருபவர்கள் அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். கியர்பாக்ஸுக்குள் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஓடுவதற்கு அந்த முத்திரை தேவையில்லை.

கிட்டில் பொதுவாக என்ன வரும்? அது போதுமா?

பேரிங், ஊசி ரோலர், சிங்க்ரோ ரிங் (கியர் மாற்றும்போது வேகங்களைச் சமப்படுத்தும் வளையம்), சிறிய ஸ்பிரிங்குகள், த்ரஸ்ட் வாஷர், ஸ்னாப் ரிங், ஆயில் சீல், கேஸ்கெட். நல்ல கிட் என்றால் கிளஸ்டர் கியர் சுழலும் ஷாஃப்டும் சேர்ந்து வரும். கியர்கள், ஃபோர்க் (கியர் மாற்ற ஸ்லீவை நகர்த்தும் கவை), சிங்க்ரோ ஹப் வராது.

என் அபிப்பிராயம்: கிட்டின் விலை மலிவாகத் தெரிந்தாலும், பேரிங்கையும் சிங்க்ரோ ரிங்கையும் தனியாக, தெரிந்த தயாரிப்பாக வாங்குவதே மேல். கிட் செய்பவர்கள் சிக்கனம் பிடிப்பது இந்த இரண்டில்தான்.

"ஒரிஜினல்", "பழைய ஸ்டாக்", "ஓஇஎம் தரம்": இந்தச் சொற்களை எவ்வளவு நம்பலாம்?

ஓஇஎம் என்றால் வண்டிக் கம்பெனிக்கு அந்தப் பாகத்தைச் செய்து கொடுத்த அதே தயாரிப்பாளர். "ஓஇஎம் தரம்" என்றால் விற்பவரின் நம்பிக்கை. "தரம்" என்ற அந்த ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் பொருளே மாறிவிடுகிறது.

அந்தக் காலத்திலேயே செய்து, விற்காமல் கிடந்த பழைய ஸ்டாக், கியருக்கும் ஷாஃப்டுக்கும் பொன் போன்றது. எம்பி, ஜிபிடபிள்யூ இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் தயாரானவை. அவற்றுக்கு மாற்றுப் பாகங்களும் அதே போர்க்கால வேகத்தில் குவிக்கப்பட்டன. எண்பது வருடம் ஆகியும் டி-84 பாகம் உறை பிரிக்காமல் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் பழைய ஸ்டாக் எல்லாம் நல்ல ஸ்டாக் அல்ல. தடித்த கிரீஸும் மெழுகுத் தாளும் சுற்றி வைத்திருந்தால் சரி. ஈரம் புகுந்திருந்தால் பேரிங் உருளும் பாதையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். அந்தப் புள்ளியைத் தேய்த்து எடுத்தாலும் குழி இருக்கும், அது ஓட ஓட உரியும். அப்படிப்பட்டதை அழகான பழைய அட்டைப் பெட்டிக்காக வாங்கவே கூடாது. பழைய ஸ்டாக் ரப்பர் சீலும் கார்க் கேஸ்கெட்டும் காட்சிக்கு மட்டும். ரப்பர் இறுகியிருக்கும், கார்க் சுருங்கியிருக்கும்.

மகிந்திரா, மிட்சுபிஷி போன்றவை வில்லிஸ் ஜீப்பை உரிமம் பெற்றுப் பல ஆண்டுகள் செய்தவை. அந்த வழியில் வந்த பாகங்கள் நல்ல கைகொடுக்கும். ஆனால் அத்தனை ஆண்டுகளில் அவர்களும் மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். ஷாஃப்ட் விட்டம், ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் நீளவாட்டில் இருக்கும் பற்கள்) எண்ணிக்கை, பல் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே எடுங்கள். டொயோட்டா 40 சீரிஸுக்கு நிலைமை தேவலை: 2021-இல் கம்பெனியே அந்த வண்டிக்கான பாகங்களை மறுபடி செய்வதாக அறிவித்தது. நீங்கள் தேடும் பாகம் அதில் இருக்கிறதா என்று முதலில் அங்கே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

பேரிங்கை உதிரிபாகக் கடையில் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் தொழிற்சாலைகளுக்கு பேரிங் விற்கும் விநியோகஸ்தரிடம் வாங்குவது நல்லது. வண்டி எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் குண்டு பேரிங் பெரும்பாலும் உலகம் முழுக்க ஒரே அளவுத் திட்டத்தில் வருவதுதான். அமெரிக்கப் பெட்டி எல்லாமே அங்குலக் கணக்கு என்றாலும் குண்டு பேரிங் மட்டும் மில்லிமீட்டரில் இருப்பதைப் பார்த்து நான் முதலில் வியந்தேன்.

எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 6307 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம்: 35 மில்லிமீட்டர். அதன் வெளி விட்டம் 80, அகலம் 21. 6207-க்கும் உள் விட்டம் அதே 35தான், ஆனால் வெளி விட்டம் 72, அகலம் 17. பழைய அமெரிக்கப் பேரிங்கில் வெறும் 307 என்று இருந்தால் அளவில் அது 6307. எண் அழிந்திருந்தால் வெர்னியரால் மூன்று அளவும் எடுங்கள். எண் தானாக வந்துவிடும். பிரிட்டிஷ் பெட்டிகளில் அங்குல அளவுப் பேரிங்குகளும் உண்டு, அங்கே இந்தச் சூத்திரம் செல்லாது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். என்ஆர் என்றால் வெளி வளையத்தில் பள்ளமும் அதில் ஸ்னாப் ரிங்கும். கியர்பாக்ஸில் பேரிங் நகராமல் பிடிப்பது அந்த ரிங்தான். அது இல்லாத பேரிங் அளவில் சேரும், வேலையில் சேராது. 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி. "மூடி இருந்தால் நல்லதுதானே" என்று மாட்டினால் கியர் ஆயில் உள்ளே போகாது. பேரிங் தன்னிடம் இருக்கும் சொற்ப கிரீஸை நம்பி வாழ வேண்டும். பழையது திறந்த பேரிங் என்றால் புதியதும் திறந்ததாகவே இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் தகடு இருந்தால் அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். சி3 என்றால் வழக்கத்தைவிடச் சற்று அதிக இடைவெளி. கையேடு கேட்காத இடத்தில் போடத் தேவையில்லை.

குண்டுகளையும் எண்ணுங்கள். சில பழைய பெட்டிகளில் அதிகக் குண்டு ஏற்றுவதற்காக வளையத்தில் வெட்டு வைத்த வகை இருந்தது. அதே அளவில் சாதாரண வகை வாங்கினால் குண்டு குறையும். பல பெட்டிகளில் அதுவும் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் தெரிந்து மாற்றுவது வேறு, தெரியாமல் மாற்றுவது வேறு.

போலிப் பேரிங் உண்மையான பிரச்சினை. எழுத்து மங்கல், முத்திரை கோணல், பாதுகாப்பு எண்ணெய் இல்லாத வறண்ட பேரிங், நம்ப முடியாத விலை ஆகியவை அறிகுறிகள். நல்ல போலியைக் கண்ணால் பிடிக்கவே முடியாது. எஸ்கேஎஃப் போன்ற பேரிங் கம்பெனிகள், பேரிங் வந்த அட்டைப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்க கைபேசிச் செயலி வைத்திருக்கின்றன, பயன்படுத்துங்கள்.

சிங்க்ரோ ரிங் நல்லதா என்று எப்படிச் சோதிப்பது?

கடையிலேயே சோதிக்கலாம், கியர் கையில் இருந்தால். ரிங்கை கியரின் கூம்பு மேல் வைத்து, விரலால் அழுத்தியபடி திருகுங்கள். பிடித்துக்கொள்ள வேண்டும். வழுக்கினால் அது வளையல்.

அடுத்து, அழுத்திய நிலையில் ரிங்கின் பல்லுக்கும் கியரின் சிறு பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி பாருங்கள். சுற்றிலும் மூன்று நான்கு இடத்தில். கையேட்டில் குறைந்தபட்ச அளவு இருக்கும். ரிங் தேயத் தேய அது கூம்பில் இன்னும் உள்ளே போய் உட்காரும், இடைவெளி குறையும். கடைசியில் ரிங்கின் முகம் கியரில் முட்டி, கூம்பைப் பிடிக்கவே முடியாமல் போகும். அப்போதுதான் கரகரவென்று கியர் விழுகிறது.

ரிங்கின் உள்பக்கம் மரை போன்ற நுண் கோடுகள் இருக்கும். அவற்றின் முனை கூர்மையாக இருந்தால்தான் கூம்பின் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலத்தை வெட்டும். தேய்ந்த ரிங்கில் அந்த முனை தட்டையாகி மினுமினுக்கும். புதிய ரிங்கிலேயே தட்டையாக வருவதுண்டு. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

புதிய ரிங்கின் கூம்புக் கோணம் சரியா என்று பார்க்க, கியரின் கூம்பில் பொருத்து நீலத்தை (தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) மெல்லிதாகத் தடவி ரிங்கை வைத்துத் திருகி எடுங்கள். நீலம் முழு அகலத்திலும் ஒட்டினால் சரி. ஓரத்தில் மட்டும் ஒட்டினால் கோணம் வேறு. சிலர் வால்வு அரைக்கும் பசை போட்டு ரிங்கை உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை: புதிய ரிங்கின் ஆயுளில் பாதியை மேசையிலேயே செலவழிக்கிற வேலை, தவறிய கோணத்தையும் மறைத்துவிடும்.

பழைய ரிங்கையும் புதியதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, சாவி (ரிங்கைப் பிடித்துத் திருப்பும் சிறு உலோகத் துண்டு) உட்காரும் வெட்டுகளின் அகலத்தைப் பாருங்கள். அந்த அகலம்தான் ரிங் எவ்வளவு திரும்பி நின்று, கியரோடு பூட்டிக்கொள்ள நகரும் ஸ்லீவைத் தடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட வேலையைக் கெடுக்கும்.

என் சீரிஸ் 2ஏ லேண்ட் ரோவரில் இரண்டாவது கியர் கரகரக்கிறது. எந்த சிங்க்ரோ வாங்க வேண்டும்?

எதுவும் வேண்டாம். அந்தப் பெட்டியில் மூன்றுக்கும் நான்குக்கும் மட்டும்தான் சிங்க்ரோ. முதலுக்கும் இரண்டுக்கும் இரட்டைக் கிளட்ச் மிதித்துத்தான் போட வேண்டும். நான்கு முன் கியர்களுக்கும் சிங்க்ரோ வந்தது 1971-இன் சீரிஸ் 3-இல். ஜீப்பின் டி-90-இலும் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி உருளும்போது திணித்தால் பல்லின் ஓரம் உடையும்.

ஓடும்போது கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. எந்தப் பாகம் மாற்றுவது?

இந்தக் கேள்விக்கு "ஸ்பிரிங் மாற்று" என்றே எல்லாரும் பதில் சொல்வார்கள். ஷிஃப்ட் கம்பியைப் பிடிக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் மலிவு, மாற்றுவது நல்லதுதான். ஆனால் நோய் அங்கே இருப்பது அபூர்வம். கியரைப் பிடித்து வைப்பது ஸ்லீவும் கியரின் சிறு பற்களும் சேரும் இடம். அந்தப் பற்கள் தேய்ந்து சரிவாகிவிட்டால் விசை வரும்போது ஸ்லீவ் தானாக வெளியே தள்ளப்படும். ஸ்பிரிங் அதைத் தடுக்க முடியாது.

வரிசையாகப் பாருங்கள். மெயின் ஷாஃப்டில் கியர்கள் முன்பின் அசைகிற அளவு அதிகமா? த்ரஸ்ட் வாஷர் அல்லது ஸ்னாப் ரிங் தேய்ந்திருக்கும். இன்புட் கியருக்குள் மெயின் ஷாஃப்டின் நுனி உட்காரும் ரோலர்கள் தளர்வா? அப்படியென்றால் இரண்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. டாப் கியர் முதலில் நழுவும். ஃபோர்க்கின் நுனி தேய்ந்து, ஸ்லீவின் பள்ளத்தில் ஆடுகிறதா? அப்போது கியர் முழுதாக விழுவதே இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நழுவினால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கைச் சந்தேகியுங்கள். ஃப்ளைவீலில் டயல் கேஜ் கட்டி, பெல் ஹவுசிங்கின் நடுத் துளையைச் சுற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். மொத்த விலகல் 0.005 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு. எஞ்சின் மாற்றி, அடாப்டர் வைத்த வண்டிகளில் இந்த வில்லங்கம் அதிகம். எவ்வளவு நல்ல பாகம் போட்டாலும் பெட்டி கோணலாக மாட்டப்பட்டிருந்தால் ஆறு மாதத்தில் அதே நோய் திரும்ப வரும்.

பழைய கியர்களையே பயன்படுத்தலாமா?

பெரும்பாலும் ஆம். பல்லின் முகத்தில் மெலிதான மினுமினுப்பு, சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தால் பயமில்லை. விரல் நகம் மாட்டும்படி குழியோ உரிந்த இடமோ இருந்தால் வேண்டாம். கியரின் கடினத் தோல் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. அது உரிந்துவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான எஃகு.

ஒரு கியரை மட்டும் புதிதாக வாங்கி, அதோடு சேரும் பழைய கியரை அப்படியே விட்டால் சத்தம் வர வாய்ப்பு அதிகம். சேர்ந்து ஓடிய இரண்டு கியரும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியவை. நல்ல நிலையில் உள்ள பழைய ஜோடி, பாதி புதுசும் பாதி பழசுமான ஜோடியைவிட அமைதியாக ஓடும். வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள்.

புதிய மாற்றுக் கியர் நல்ல கடினமா என்று ஓர் எளிய சோதனை: பல்லின் ஓரத்தில், வேலை செய்யாத இடத்தில், கூர்மையான அரத்தை வைத்து இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கடினம். கடித்து அராவினால் அந்தக் கியர் உங்கள் மேசையில் காகிதம் பறக்காமல் வைக்க உதவும்.

கிளஸ்டர் ஷாஃப்டும் ஊசி ரோலர்களும்?

இவற்றை யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள். ரோலர்களைப் பழையதும் புதியதும் கலக்கவே கூடாது. விட்டத்தில் மிக நுண்ணிய வித்தியாசம் இருந்தாலும் பெரியவை மட்டும் சுமை தாங்கி, மற்றவை வேடிக்கை பார்க்கும். பிரிக்கும்போது எத்தனை விழுந்தன என்று எண்ணுங்கள், ஆனால் அந்த எண்ணை நம்பாதீர்கள். முன்பு பிரித்தவர் ஒன்றைத் தொலைத்திருக்கலாம். கையேட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஷாஃப்ட் புதிது என்றாலும் அது உட்காரும் கூட்டின் துளை முட்டை வடிவமாகியிருந்தால் வீண். புது ஷாஃப்டைத் துளையில் விட்டு ஆட்டிப் பாருங்கள். ஆடினால் எண்ணெய் கசிவது மட்டுமல்ல, கிளஸ்டரே சாய்ந்து நின்று பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் சுமை விழும். துளையைப் பெரிதாக்கிப் புஷ் அடிக்கத் தெரிந்த நல்ல லேத்காரர் கிடைத்தால் கூட்டைக் காப்பாற்றலாம்.

பாகத்துக்காகப் பழைய பெட்டி ஒன்றை முழுதாக வாங்கலாமா?

பல நேரம் இதுதான் சிக்கனமான வழி. இரண்டு மோசமான பெட்டியிலிருந்து ஒரு நல்ல பெட்டி பிறக்கும். வாங்கும் முன் மேல் மூடியைக் கழற்றிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விடமாட்டேன் என்றால் பழைய இரும்பு விலைதான் கொடுக்கலாம். வடிகால் மூடியைத் திறந்து எண்ணெய் பார்க்கவும்: பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது, எண்ணெய்க்கு மேலே இருந்த பேரிங்கெல்லாம் துருப்பிடித்திருக்கும். மூடியில் மாவு போல நுண்துகள் ஒட்டியிருப்பது வழக்கம்தான்; துண்டு துண்டாக இருந்தால் பல் போயிருக்கிறது. கூட்டின் போல்ட் காதுகளைச் சுற்றி விரிசல் பாருங்கள், சாய ஊடுருவல் சோதனை செய்தால் உறுதியாகத் தெரியும்.

எங்குமே கிடைக்காத கியரைப் புதிதாக வெட்டித் தர முடியுமா?

முடியும். ஆனால் மாதிரி கொடுத்து "இதே மாதிரி" என்று சொன்னால் தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுத்துக் கொடுப்பார்கள். பல் எண்ணிக்கை, வெளி விட்டம், சாய்வுக் கோணம், அது இடமா வலமா, சேரும் கியரோடு மைய தூரம் இவை எல்லாம் வேண்டும். அமெரிக்க, பிரிட்டிஷ் பழைய கியர்கள் டயமெட்ரல் பிட்ச் என்ற அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை, மாட்யூல் என்ற மில்லிமீட்டர் கணக்கில் அல்ல. கிட்டத்தட்டப் பொருந்துகிற மாட்யூல் வெட்டுக் கருவியை வைத்து ஓட்டிவிடுகிற பட்டறையிடம் கொடுத்தால் அது கை கூப்பி வழியனுப்பிய பணம்.

உலோகம் 8620, இஎன்36, 20எம்என்சிஆர்5 போன்ற கார்பன் ஏற்றிக் கடினமாக்கும் எஃகாக இருக்க வேண்டும். மேல் தோல் கடினம் 58 முதல் 62 ராக்வெல் சி. கடினமாக்கும்போது உலோகம் கொஞ்சம் நெளியும். அதன் பிறகு உள்துளையை அரைத்துச் சரிசெய்வார்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் மாறினால் வேறு இடம் பாருங்கள். ஒரே ஒரு கியர் வெட்டுவதற்கும் ஐந்து வெட்டுவதற்கும் தொடக்கச் செலவு ஏறக்குறைய ஒன்றே, அதனால் அதே வண்டி வைத்திருக்கும் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஆயில் சீல்?

உள் விட்டம், வெளி விட்டம், அகலம் சொன்னால் எந்த நல்ல சீல் கடையிலும் கிடைக்கும். சாதாரண நைட்ரைல் போதும். சீல் உரசும் இடத்தில் ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் கசியும். மெல்லிய எஃகு உறை ஏற்றுங்கள்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்துத் திறக்க வேண்டுமா?

இறக்கியாயிற்று அல்லவா, திறந்துவிடுங்கள். டானா 18 என்றால் இடைக் கியர் ஷாஃப்டின் விட்டத்தை அளக்காமல் எதையும் கேட்காதீர்கள்: காலப்போக்கில் முக்கால் அங்குலம், பிறகு ஒன்றும் எட்டில் ஒரு பங்கும், பிறகு ஒன்றேகால் என மூன்று அளவு வந்திருக்கிறது. வாயால் சொன்னால் குழம்பும். எண்ணாக எழுதிக் கொடுங்கள்: 0.750, 1.125, 1.250.

விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

யார் தயாரித்தது, எந்த எண், திருப்பி எடுத்துக்கொள்வார்களா. "அசெம்பிள் செய்யாமல் பொருத்திப் பார்க்கலாமா" என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாகத்தின் படம் கேளுங்கள். பட்டியலில் இருக்கும் படம் அல்ல, அவர் கையில் இருக்கும் பாகத்தின் படம், பக்கத்தில் அளவுகோலோடு. பழைய வண்டிப் பாகம் விற்கிற நல்லவர்கள் எதிர்க் கேள்வி கேட்பார்கள்: "உங்கள் இன்புட் கியருக்கு எத்தனை பல்?" இப்படிக் கேட்பவர் கொஞ்சம் விலை கூடச் சொன்னாலும் நான் அவரிடமே வாங்குவேன். "எல்லா ஜீப்புக்கும் சேரும்" என்பவரிடம் வாங்குவதில்லை.

எந்த எண்ணெய் ஊற்றுவது?

வெண்கல சிங்க்ரோ உள்ள பழைய பெட்டிக்கு ஜிஎல்-4 (கியர் எண்ணெயின் தர வகை). ஜிஎல்-5 டிஃபரன்ஷியலுக்கு. அதில் கந்தக-பாஸ்பரஸ் சேர்க்கை அதிகம். பித்தளை, வெண்கலத்தை அரிக்கக்கூடும், வழுக்கலும் கூடி சிங்க்ரோ பிடிக்கத் திணறும். "ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டுக்கும்" என்று போட்ட டப்பாவையும் நான் தவிர்க்கிறேன். பிசுபிசுப்புக்குக் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள். பொதுவாக எஸ்ஏஇ 90 அல்லது 80டபிள்யூ-90.

கழற்றிய பழைய பாகங்களை எறிந்துவிடலாமா?

வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்வரை வேண்டாம். என் இரண்டாவது முறையில் புது சிங்க்ரோ ரிங் ஒரு மாதத்தில் கையை விரித்தது. டப்பாவில் எண்ணெய் தடவி வைத்திருந்த பழைய ரிங்கை அளந்து பார்த்தேன், இடைவெளி இன்னும் கையேட்டு அளவுக்குள் இருந்தது. அதையே திரும்பப் போட்டேன். இன்றும் அதுதான் ஓடுகிறது.